மோரீனுக்கு ஏற்ற வெயில்

கிளைவ் டிரெலோர் அம்மாவோடு வாழ எங்கள் வீட்டுக்குக் குடிவந்தபோது இரண்டு துணிப்பெட்டியும் ஒரு கடலும் கொண்டுவந்தார். துணிப்பெட்டிகளை அவரே தூக்கிக்கொண்டார். கடலைத் தூக்க ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் மக்காய் சர்க்கரை ஆலையில் அவரோடு வேலை பார்ப்பவர்கள். எழுநூறு லிட்டர் கடல்தண்ணீர் பிடிக்கும் கண்ணாடி மீன்தொட்டி. அதற்காக ஹாலில் டிவி நகர்ந்தது, சோபா நகர்ந்தது, கடைசியில் அம்மாவும் நானும் நகர்ந்தோம். அப்போது எனக்குப் பத்து வயது. 'இந்த ஆள் ஆறு மாதம் தாங்க மாட்டார். இப்படிக்கு டாலியா' என்று என் அறைக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவைத்தேன். ஆறு வருடம் ஆகிறது. எழுத்தும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்.

அவர் கரும்பு ரயில் ஓட்டுபவர். ஜூனில் அரவை தொடங்கினால் நவம்பர் வரைக்கும் வயலிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து வயலுக்கு. ஆள் நெட்டை, ஒல்லி. வாயைத் திறப்பது சாப்பிடத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் தெரிந்தது, பேசுவார், விளக்கைப் பற்றி மட்டும் பேசுவார்.

தொட்டிக்கு மேலே தொங்குவது மெட்டல் ஹாலைடு விளக்கு. கால்பந்து மைதானத்தில் கம்பத்தின் உச்சியில் எரியுமே, அதே சாதி. போட்டால் ஹாலுக்குள் உச்சி வெயில் இறங்கும். தண்ணீர் அசைய அசைய வெள்ளிக் கோடுகள் கூரை முழுக்க ஓடும். சோபாவில் மல்லாந்து படுத்தால் நாமே கடலடியில் கிடப்பது போல இருக்கும். அணைத்தால் மட்டும் வம்பு. உடனே திரும்ப எரியாது. சூடு ஆறவேண்டும். பன்னிரண்டு நிமிடம் முறைத்துக்கொண்டே இருக்கும், அம்மாவைப் போல.

பல்பை அவர் வெறும் கையால் தொட மாட்டார். விரல் எண்ணெய் ஒட்டினால் அந்த இடத்தில் சூடேறிக் குழாய் வெடித்துப்போகுமாம். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார். அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று அவ்வளவு பயபக்தியாக அம்மா கையைப் பிடிக்கவில்லை. அம்மா இதை எல்லோரிடமும் சொல்லுவாள்.

"டோனா, நீ வெடிக்க மாட்டேன்னு ஒரு நம்பிக்கைதான்" என்பார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல்.

அப்படித்தான் அவர். ஒருமுறை ரப்பர் சுறா ஒன்றைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, அவர் கத்துவதைக் கேட்க ஒளிந்திருந்தேன். வந்தார், பார்த்தார், தொட்டி நோட்டை எடுத்து எழுதினார். அவர் போனதும் போய்ப் பார்த்தேன்: 'சுறா, ஒன்று. நேற்று இல்லை. தீனி எடுக்கவில்லை.' மறுநாள் பக்கத்தில் இன்னொரு வரி: 'சுறா இன்றும் பட்டினி. கவலையாக இருக்கிறது.' ஐந்தாவது நாள் நானே எடுத்துவிட்டேன்.

தொட்டியின் நடுவில் உட்கார்ந்திருப்பவள் மோரீன். கொம்பு கொம்பாகக் கிளைவிடும் பவளம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பவளம் வளர்ப்பவர்களின் சங்கத்தில், துண்டு மாற்றிக்கொள்ளும் கூட்டத்தில், கட்டைவிரல் அளவுத் துண்டாக அவருக்குக் கிடைத்தது. இப்போது துணிக்கூடை அளவு. மோரீன் யார், முதல் மனைவியா என்று கேட்க அம்மாவுக்கு மூன்று மாதம் ஆனது. கேட்டபோது, அவர் பள்ளியில் படித்த காலத்தில் சிற்றுண்டிக் கடையில் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் விற்ற அம்மாள் என்றார். அந்த அம்மாள் தலைக்கு ஊதாச் சாயம் போடுவாராம். மிச்சமான பையை இவருக்கு எடுத்து வைப்பாராம். பவளமும் அதே ஊதா.

அந்த ஊதாவை எப்படி அளப்பது? சங்கத்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயின்ட் கடையில் சும்மா கொடுக்கிற நிற அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து, தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள். எந்த அட்டை பொருந்துகிறதோ அதுதான் அந்தப் பவளத்தின் நிறம். மோரீனின் அட்டைக்குப் பெயர் 'ஞாயிறு மாலைத் திராட்சை'. அதைச் சங்கச் செயலாளர் ட்ரெவர் நீபோன் ஓர் உறையில் போட்டு, பத்திரம் மாதிரி பாதுகாக்கிறார். ஒவ்வொரு நவம்பர் கடைசி ஞாயிறும் சங்கம் முழுக்க வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு தட்டு பலகாரத்தோடு தொட்டிகளைப் பார்க்கும். அப்போது அட்டை வெளியே வரும்.

ட்ரெவர் வீடு விற்றுக்கொடுக்கும் தரகர். அவர் தொட்டியில் எரிவது எல்.இ.டி. விளக்கு. சூரிய உதயம், அஸ்தமனம், மேகமூட்டம் எல்லாம் போனிலேயே. சங்கத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்.இ.டிக்கு மாறிவிட்டார்கள், கிளைவைத் தவிர.

"மச்சான், நீ இன்னும் டைனோசரை வளர்க்கிறே" என்பார் ட்ரெவர்.

"டைனோசர் நல்லாத்தான் வாழ்ந்துச்சு, வானத்துலேருந்து எதுவோ விழுற வரைக்கும்" என்பார் கிளைவ்.

எங்கள் வீட்டில் வானத்திலிருந்து விழுந்தது அம்மாவின் வார்த்தை. அந்த விளக்கு எரியும்போது ஹால் அடுப்பாகிவிடும். போன கோடையில் சோபாப் பக்கத்து மேசையில் வைத்த சாக்லேட் கேக் மேசைவிரிப்பாக மாறியது. போதாததற்கு மோரீனின் பல்பு பதினோரு மாதம் எரிந்து கிழடாகிவிட்டது. இந்தப் பல்புகள் அணையும் முன்னாலேயே மனசுக்குள் செத்துவிடும்; பார்க்க எரியும், நிறம் போயிருக்கும். புதிதாக வாங்கலாம் என்றால் செய்கிற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையை மூடிவிட்டன.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் ட்ரெவர் தன்னிடம் சும்மா கிடக்கும் எல்.இ.டி விளக்கைத் தந்துவிடுவதாகச் சொன்னதும், அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கிளைவ், கடைசியா ஒரு பல்பு. நீயே பாத்து எடு. நவம்பர்ல சங்கத்துக்காரங்க வரும்போது அந்த அட்டைக்கு மோரீன் பொருந்தினா, உன் விளக்கு நான் சாகுற வரைக்கும் தொங்கட்டும். பொருந்தலேன்னா ட்ரெவர் விளக்கை மாட்டிடணும். முனகக்கூடாது."

"முனக மாட்டேன்" என்றார் கிளைவ். அவர் முகம் மாறவில்லை. தொட்டி நோட்டில் மட்டும் அன்றைக்கு மீன்களின் எண்ணிக்கையை இரண்டு முறை எழுதியிருந்தார்.

இரண்டு வாரத்தில் எங்கெங்கோ தேடி நான்கு பல்பு பிடித்துவந்தார். நாலும் நாலு கம்பெனி. நாலு பெட்டியிலும் பதினாலாயிரம் கெல்வின் என்று அச்சடித்திருந்தது. அதாவது, கொஞ்சம் ஆழத்துக் கடல் மாதிரி நீலம் கலந்த வெள்ளை.

"அப்போ நாலும் ஒண்ணுதானே?" என்றேன்.

"வாலு, பெட்டியில எழுதறது அச்சுக்காரன். பல்பு செய்யறவன் வேற ஆளு."

வாலு என்றால் நான். பெட்டிகளைத் துணி அலமாரிக்குள் பூட்டினார், பெயரைப் பார்த்து மனசு சாயக்கூடாதாம். பல்புகளின் உலோக முனையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டார். பிறகு ஷெட்டில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு மேலே தொங்கவிட்டு, நாளுக்குப் பத்து மணிநேரமாக நூறு மணிநேரம் எரியவிட்டார். புதுப் பல்பு புதுப் பணக்காரன் மாதிரி கண்டபடி நிறம் காட்டுமாம். நூறு மணிநேரம் போனால்தான் அசல் குணம் வெளியே வருமாம். எல்லாவற்றுக்கும் ஒரே ரகச் சோக்கு, பல்புக்கு மின்சாரத்தை அளந்துவிடும் பெட்டி. வேறு வேறு சோக்கில் போட்டால் ஒரே பல்பு வேறு வேறு ஆளாக நடிக்குமாம்.

அதற்குப் பிறகுதான் பீட்ரூட்.

சங்கத்துக்காரர்கள் ஒளியை அளக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். கிளைவும் அதை இரவல் வாங்கி அளந்தார். ஆனால் எவ்வளவு வெளிச்சம் என்றுதான் கருவி சொல்லும், எப்படிப்பட்ட வெளிச்சம் என்று சொல்லாது என்பது அவர் கட்சி. அதற்கு அவரிடம் ஒரு வெள்ளைத் தட்டு இருந்தது. அதில் ஒரு கேரட் துண்டு, ஒரு லெட்யூஸ் இலை, பர்கருக்குள் வைப்போமே டின் பீட்ரூட், அதில் ஒரு வட்டம். தட்டை உப்புத்தண்ணீர் வாளியின் அடியில் இறக்கி, மேலே பல்பை எரியவிட்டு, பத்து நிமிடம் குனிந்து பார்ப்பார். கேரட் வெட்கப்படாமல் இருக்கணும், இலை உயிரோடு இருக்கணும், பீட்ரூட் ஊதாவாக மின்னணும். பீட்ரூட் ஈரல் மாதிரி தெரிந்தால் பல்பில் பச்சை அதிகம். கறுத்தால் சிவப்பே இல்லாத பொய் நீலம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பல்புதான். "ஒரு நாளைக்கு ஒரு பொய்தான் கண்ணு தாங்கும்" என்பார்.

முதல் ஞாயிறு ஒன்றாம் எண். ஈரல். தள்ளுபடி. இரண்டாம் ஞாயிறு இரண்டாம் எண். நோட்டில், 'சுமார். கொஞ்சம் மஞ்சள். கெட்ட எண்ணம் இல்லை' என்று எழுதினார்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின வாரம் நான் வீட்டில் சும்மா இருந்தேன். துணை முதல்வரின் மதிய உணவு டப்பாவுக்குள் ஒரு கரும்பு வயல் தேரை உட்கார்ந்திருந்தது சம்பந்தமாக, இரண்டு வாரம் பள்ளிப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தேரைக்கு லெட்யூஸ் விரித்து மரியாதையாகத்தான் உட்கார வைத்திருந்தேன். அதை யாரும் பேசவில்லை. சும்மா இருந்த கைக்குக் கேக்குக்குப் போடும் நீலச் சாயப் புட்டி கிடைத்தது. பீட்ரூட் டின்னும் பிரிட்ஜில் திறந்தே இருந்தது. பன்னிரண்டு சொட்டு.

ஞாயிறு வந்தது. மூன்றாம் எண் எரிந்தது. கிளைவ் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"என்ன கிளைவ்?" என்றேன், கன்னத்தைக் கடித்துக்கொண்டு.

"கேரட் பிரமாதமா இருக்கு. இலை நேத்துப் பறிச்ச மாதிரி இருக்கு. பீட்ரூட் மட்டும் செத்துக்கிடக்கு."

"அய்யோ பாவம்."

அதே டின்னிலிருந்து இன்னொரு வட்டம் எடுத்து வைத்தார். அதுவும் கறுப்பு. மூன்று சாயங்காலம் பார்த்தார். நாலாம் நாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர், "நல்ல பல்புன்னு கை சொல்லுது, கண்ணு சொல்லல" என்று மூன்றாம் எண்ணை அடித்துவிட்டார். டின்னும் காலியாகிக் குப்பைக்குப் போய்விட்டது. நாலாம் எண் ரீங்காரம் போட்டுக்கொண்டே பன்றிக்குட்டி நிறத்தில் எரிந்தது. ஆக மிஞ்சியது இரண்டாம் எண், அந்தச் சுமார் ஆசாமி.

அதை மாட்டினார். புது வெளிச்சம் திடீரென்று பட்டால் மோரீன் வெந்துவிடுவாள் என்று தொட்டிக்கு மேலே ஜன்னல் கொசுவலையை மூன்று மடிப்பாக விரித்து, நாலு நாளைக்கு ஒரு மடிப்பாக எடுத்தார். மூன்றாம் எண்ணையும் பழைய சோக்கையும் பக்கத்து வீட்டுக் கார்மேனா வெல்லா அம்மாளுக்குக் கொடுத்தார். அந்த அம்மாள் தூண்மேல் நிற்கும் தன் வீட்டுக்கு அடியில்தான் துணிக்கு இஸ்திரி போடுவார். அங்கே மத்தியானமும் இருட்டு.

வெல்லா அம்மாள் மால்டாக்காரர், விதவை. அவரிடம் சால்வு என்று ஒரு கேனரிப் பறவை உண்டு, கூண்டும் அங்கேதான். செத்துப்போன வீட்டுக்காரரின் பெயர். ஐந்து வருடமாகப் பறவை வாயே திறந்ததில்லை. "என் புருஷனும் பாட மாட்டாரு. பேரு ராசின்னு விட்டுட்டேன்" என்பார். மூன்றாம் எண் எரிந்த இரண்டாம் நாள் சால்வு பாட ஆரம்பித்தது. வெல்லா அம்மாள் அழுதுகொண்டே வந்து, சூடாக ஒரு தட்டு பஸ்டிட்சி, பாலாடைக்கட்டி அடைத்த அவர் ஊர்ப் பலகாரம், கொடுத்துவிட்டுப் போனார். மொறுமொறுவென்று இருந்தது. நியாயப்படி எனக்கு அதில் ஒன்றுகூடக் கிடைத்திருக்கக் கூடாது. நான்தான் அதிகமாகத் தின்றேன் என்பது வேறு விஷயம்.

அக்டோபர் முடிவதற்குள் மோரீன் பால்டீ நிறத்துக்கு வந்துவிட்டாள். வெளுத்துச் சாகவில்லை. கிளைகள் நன்றாகத்தான் இருந்தன. நிறம் மட்டும் நாளுக்கு நாள் பழுப்பானது. கிளைவ் தண்ணீரைச் சோதித்தார். உப்பு சரி. சுண்ணாம்புச் சத்து சரி. சூடு சரி. வேலையிலிருந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றாமல் தொட்டி முன்னால் நிற்பார். திட்டவில்லை, புலம்பவில்லை. முனக மாட்டேன் என்று சொல்லியிருந்தாரே.

நவம்பர் முதல் வாரம். பள்ளியிலிருந்து வந்து சமையலறைக் கதவைத் தள்ளப்போனேன். உள்ளே அவர் குரல்.

"டோனா, ஆலையில சொல்லிடலாம்னு இருக்கேன்."

"என்னத்த?"

"கண்ணு. எனக்குச் சிவப்பு போயிட்டு இருக்குன்னு நினைக்கிறேன். அன்னைக்குப் பீட்ரூட் மட்டும் கறுப்பாத் தெரிஞ்சுது, ஞாபகம் இருக்கா? கேரட் தெரியுது, இலை தெரியுது. சிவப்பு மட்டும் இல்ல. அந்தக் கண்ணை வெச்சுப் பல்பு பாத்தேன், மோரீன் இப்படி ஆயிட்டா. பவளம் பரவால்ல. நாளைக்கு ரோட்டுக் குறுக்க ரயிலோட போகும்போது சிவப்பு விளக்கு தெரியலேன்னா?"

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடியே சாவியைக் குடுத்துடறதுதான் நியாயம்."

அம்மா நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. 

நான் செய்த குறும்புகளில் மாட்டிக்கொண்டவை நிறைய, மாட்டாதவை அதைவிட நிறைய. ஒன்றையும் நானாகப் போய் ஒப்புக்கொண்டதில்லை. எப்படிச் செய்வது என்றே தெரியவில்லை. கதவைத் திறந்து, "பீட்ரூட்ல நீலச் சாயம் போட்டது நான்" என்றேன். கணக்குப் பாடத்தில் விடை சொல்வது போல வந்தது.

அம்மாவின் வாய் திறந்தது. கிளைவ் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"எத்தனை சொட்டு?"

"பன்னெண்டு."

"கேக்குக்குப் போடற சாயமா?"

"ஆமா."

"டின்னுக்குள்ளேயா, தட்டுலயா?"

"டின்னுக்குள்ள. அஞ்சு நாள் ஊறிச்சு."

அவர் மெல்ல நோட்டை எடுத்தார். பக்கத்தைத் திருப்பி அந்த ஞாயிறைக் கண்டுபிடித்தார். 'பீட்ரூட் கறுப்பு' என்பதற்குக் கீழே, 'உண்மையிலேயே கறுப்பு' என்று எழுதினார். எழுதி முடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"நல்லா இருக்கு, கிளைவ்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி இருந்தது.

"அப்போ மூணாம் நம்பர்…" என்று எழுந்தவர், வெறுங்காலோடு வேலியைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார். கையுறையை மறந்துவிட்டாராம். இந்த முறை நானும் பின்னாலேயே போனேன்.

வெல்லா அம்மாள் இஸ்திரிப் பெட்டியோடு வழியில் நின்றுகொண்டார்.

"வெயிலைத் திருப்பிக் கேக்குறியா? குடுத்த வெயிலையா?"

"வேற வெயில் தரேன், கார்மேனா. மஞ்சளா, இதமா இருக்கும்."

"எனக்கு எது வேணா இருக்கட்டும். அவனைக் கேட்டியா?" என்று கூண்டைக் காட்டினார். சால்வு கழுத்தை நீட்டிக் கச்சேரி செய்துகொண்டிருந்தது.

பல்பைச் சூட்டோடு கழற்ற முடியாது. அணைத்துவிட்டு மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்தோம். பறவை பாட்டை நிறுத்தியது. வெல்லா அம்மாள் என்னையே பார்த்தார்.

"இந்தப் பொண்ணு ஏன் தலையைத் தொங்கப் போட்டிருக்கு?"

"பீட்ரூட் ஒத்துக்கல" என்றார் கிளைவ்.

ஆறியதும் மூன்றாம் எண்ணைக் கழற்றி, எங்கள் தொட்டியிலிருந்து ஆறவிட்டுக் கழற்றி வந்த இரண்டாம் எண்ணை மாட்டினார். முதலில் ரோஜா நிறம், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள் தட்டிய வெள்ளை. சால்வு ஒரு கண்ணால் பார்த்தது. அடுத்த கண்ணால் பார்த்தது. பாட ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக.

"ரசனை கெட்ட பறவை" என்றார் கிளைவ். நிஜமாகவே மனம் நொந்துதான் சொன்னார்.

எனக்குத் தண்டனை அம்மா கொடுத்தாள். வருடம் முடியும்வரை தொட்டிக் கண்ணாடியின் பாசியை நான்தான் சுரண்டவேண்டும். கிளைவ் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வாலு, அடுத்த தடவை மஞ்சள் போடு. நீலம் போட்டா நான் நம்பிடுவேன்."

இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவ்வளவு பெரிய பவளம் மூன்று வாரத்தில் நிறம் மாறாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் பாசி சுரண்டும் சாக்கில் மோரீனுக்கு எதிரே கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். பால்டீ. பால்டீ. பால்டீ. பதினைந்தாம் நாள் கிளைகளின் நுனியில், ஊசிமுனை அளவு ஏதோ. அழுக்கு என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. அவரும் பார்த்திருப்பார், அவரும் சொல்லவில்லை.

கடைசி ஞாயிறு மதியம் சங்கம் எங்கள் ஹாலில் நிறைந்தது. பதினோரு பேர், பதினோரு தட்டு. அதில் ஏழு தட்டு சாசேஜ் ரோல். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. ட்ரெவர் தன் எல்.இ.டி விளக்கைக் காரிலிருந்தே இறக்கிக் கொண்டுவந்து, கதவோரமாக, எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்.

"மனசைத் தேத்திக்கோ மச்சான்" என்று கிளைவின் தோளைத் தட்டினார். "டைனோசருக்கும் ஒரு நாள் வரும்."

உறையிலிருந்து அட்டையை எடுத்தார். எல்லோரும் நெருங்கினார்கள். அந்த நேரம் பார்த்து வானம் ஒருமுறை அதட்டியது. வீட்டு விளக்கெல்லாம் ஒரு கண் சிமிட்டல். மறு நொடி பிரிட்ஜ் ஓடியது, மின்விசிறி சுற்றியது, அடுப்புக் கடிகாரம் பூஜ்யத்தில் மின்னியது. தொட்டி விளக்கு மட்டும் அணைந்தே இருந்தது.

"பாத்தீங்களா! எல்.இ.டின்னா இந்நேரம் டக்குன்னு வந்திருக்கும்" என்றார் ட்ரெவர். போனை எடுத்து அதன் வெளிச்சத்தைத் தொட்டிமேல் அடித்தார்.

"விதி என்ன?" என்றார் கிளைவ்.

சங்க விதியை எழுதியவரே ட்ரெவர்தான். அவர் போனை இறக்கினார். "தொட்டி எந்த விளக்குல வாழுதோ, அந்த விளக்குலதான் அட்டை பிடிக்கணும்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பன்னெண்டு நிமிஷம்" என்றார் கிளைவ்.

பதினோரு பேரும் சாசேஜ் ரோலுக்குத் திரும்பினார்கள். ஹால் மங்கிக் கிடந்தது. தொட்டி ஒரு பெரிய சாம்பல் பெட்டியாக நின்றது. கூரையில் கோடுகள் இல்லை. சூடு இறங்கி, ஆறு வருடமாக அம்மா கேட்ட குளிர்ச்சி வந்தது. அம்மா சோபாவில் உட்கார்ந்து அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"மூணு" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி, "இப்போ?"

"நாலு."

"இந்தக் கூரைக்குப் பெயின்ட் அடிக்கணும்" என்றாள். "இவ்வளவு அழுக்கா இருக்கும்னு தெரியவே இல்ல."

பதினோராவது நிமிடத்தில் விளக்கு இரண்டு முறை கனைத்தது. ரோஜா. பச்சை. பிறகு மெல்ல மெல்ல, யாரோ ஜாடியைக் கழுவி எடுப்பது போல நீலம் தெளிந்தது. கூரையில் வெள்ளிக் கோடுகள் ஓட ஆரம்பித்தன.  ட்ரெவர் கையில் இருந்த சாசேஜ் ரோலிலிருந்து தக்காளிச் சாஸ் அவர் ஷூவில் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

அட்டையைக் கண்ணாடியில் வைத்தார். மோரீனின் உடம்பு பால்டீ. அட்டை திராட்சை. இரண்டுக்கும் ஊர் தூரம்.

"பொருந்தல" என்றார் ட்ரெவர். இந்த முறை கிண்டல் இல்லாமல்தான் சொன்னார்.

கிளைவ் தலையாட்டினார். முனகவில்லை. விளக்கைக் கழற்ற ஏணியை எங்கே வைத்தோம் என்பது போலத் திரும்பினார்.

"அட்டையை மேல நகத்துங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நகத்துங்களேன். நுனிக்கு."

நகர்த்தினார். அவ்வளவு கிளையிலும் ஒவ்வொரு நுனியிலும், அரிசி நீளத்துக்கு, ஞாயிறு மாலைத் திராட்சை. அட்டையின் ஓரம் எங்கே முடிகிறது, மோரீன் எங்கே தொடங்குகிறாள் என்று தெரியவில்லை. யாரோ "அடேங்கப்பா" என்றார்கள்.

"நுனி மட்டும்தானே" என்றார் ட்ரெவர். "மொத்தப் பவளமும் பழுப்பு. நுனியைப் பாத்து நிறம் சொல்ல முடியுமா?"

"விதியில எங்க பிடிக்கணும்னு இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். அப்படி எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். அம்மா சோபாவிலிருந்து எழுந்துவந்தாள்.

"ட்ரெவர், உன் தலைமுடி என்ன கலர்?"

ட்ரெவர் தலையைத் தொட்டுக்கொண்டார். "பழுப்பு."

"நுனியில பழுப்பு. வேர்ல?"

வேரில் என்ன என்று தொட்டி வெளிச்சத்தில் பதினோரு பேருக்கும் பளிச்சென்று தெரிந்தது. அந்த விளக்கு எதையும் மறைக்காது.

பஸ்டிட்சித் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்த வெல்லா அம்மாள், "முடி வேர்ல வளருது, அதான் உண்மை வேர்ல இருக்கு. இது நுனியில வளருதுன்னா நுனியைத்தானே பாக்கணும்?" என்றார். யாருக்காகப் பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரியாது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதிகமாகச் சிரித்தது ட்ரெவர்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். அட்டையின் பின்புறத்தில், 'பொருந்துகிறது (நுனி)' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த எல்.இ.டியை எடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா அவரிடம். கிளைவிடம், "உனக்கு இன்னொரு மின்விசிறி மாட்டற வேலை இருக்கு. சும்மா நிக்காதே" என்றாள்.

கிளைவ் அன்றைக்கு நோட்டில் என்ன எழுதினார் என்று வழக்கம்போலப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்ச் சூடு, உப்பு, மீன்கள் பதினான்கு. கடைசி வரி: 'பாசி சுரண்டுபவருக்கும் கண் நல்ல கண்.'

நல்ல பல்பைத் தேடுவதை அவர் விடவில்லை. மூன்றாம் எண்ணும் ஒருநாள் கிழடாகும் அல்லவா. எங்கிருந்தாவது ஒன்று வந்துசேர்ந்தால் நூறு மணிநேரம், ஒரே சோக்கு, வெள்ளைத் தட்டு எல்லாம் அப்படியேதான். ஒரு மாற்றம் மட்டும். டின்னைத் திறந்ததும் முதல் பீட்ரூட் வட்டத்தை என்னைத் தின்னச் சொல்லுகிறார். எனக்குப் பீட்ரூட் கட்டோடு பிடிக்காது. தின்றதும், தொட்டி விளக்குக்குக் கீழே நிற்கவைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, வெள்ளைக் கையுறையோடு முகவாயைப் பிடித்து, பத்து நிமிடம் பார்க்கிறார்.

"சிவப்புதான்" என்கிறார். எழுதிக்கொள்கிறார்.